அது இருக்கும் ஒரு ஒன்றரை டன்!

எங்கள் மாவட்டத்தில் "விபத்தாம்ல" என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி "எந்தப் பட்டாசு ஆலையில?" என்பதுதான். வேறு மாதிரி விபத்தே நடக்காத ஊர் போல. அப்படிக் கேட்பதற்குக் காரணமும் இருக்கு. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி... தேதியைச் சொன்னால் போதும், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து ஆட்கள் மீதியைச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது பட்டாசைப் பற்றி இல்லை. இரும்பைப் பற்றி.

விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் என்று எந்த ஊர் பைபாஸில் போனாலும் நாலு வெல்டிங் பட்டறை, ரெண்டு பெரிய ஃபேப்ரிகேஷன் ஷெட் கண்ணில் படும். அச்சாபீஸுக்குக் கூரை, எண்ணெய் ஆலைக்கு டேங்க், மில்லுக்கு டிரஸ், கல்யாண மண்டபத்துக்கு முகப்பு, எல்லாம் இவங்க கைவேலைதான். குமாரலிங்கபுரம் ஜவுளிப் பூங்கா மாதிரி திட்டங்கள் வர வர இந்த வேலை கூடத்தான் செய்யும், குறையப் போவதில்லை. இந்த இடங்களில் வெடிச் சத்தம் கேட்காது. பத்துப் பேர் ஒரே நாளில் போக மாட்டார்கள். ஒரு நாள் ஒரு சேனல் சரியும், ஒருத்தர் கால் போகும். இன்னொரு நாள் தகடு சாயும், ஒருத்தர் உயிர் போகும். பேப்பரில் ஐந்தாம் பக்கம், நாலு வரி, "இரும்பு விழுந்து தொழிலாளி பலி". அதோடு சரி.

எனக்கு இதில் ஒரே ஒரு விஷயம் ரொம்ப நாளாக உறுத்துகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை. தூக்கப் போகும் பொருளின் எடை, அதைத் தூக்குகிற ஆளுக்குத் தெரிவதில்லை. எடை யாருக்குமே தெரியாது என்றால் சரி, போகட்டும். ஆனால் தெரியும். மாட்டுகிறவனுக்கு மட்டும்தான் தெரியாது.

கூடப் படித்த நண்பன் ஒருத்தன் இந்தத் தொழிலில் இருக்கிறான். ரெண்டு பேரும் மெக்கானிக்கல்தான் படித்தோம், அவன் இரும்பு வெட்டப் போனான், நான் ஆணி பிடுங்கப் போய்விட்டேன். லீவுக்குப் போனபோது அவன் யார்டில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு ராஃப்டரை லாரியில் ஏற்ற வேண்டும். வாடகைக்கு ஹைட்ரா வந்தது. ஆபரேட்டர் தலையை வெளியே நீட்டி, "எவ்வளவு வரும் அண்ணாச்சி?" என்று கேட்டார். பெரிய மேஸ்திரி ராஃப்டரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். "அது இருக்கும் ஒரு ஒன்றரை டன். நீங்க தூக்குங்க தம்பி." தூக்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அரை மணி நேரம் கழித்து ஆபீஸ் ரூமில் டீ குடிக்கும்போது நண்பன் டெலிவரி சலான் போட்டுக்கொண்டிருந்தான். அதே ராஃப்டர். எடை: 1912 கிலோ. டன் கணக்கு இல்லை, கிலோ கணக்கு. கடைசி ரெண்டு கிலோ வரைக்கும் சுத்தமாக இருக்கு!

காரணம் தெரியாதவர்களுக்கு: இந்தத் தொழிலே கிலோவில்தான் ஓடுகிறது. இரும்பு வாங்குவது கிலோவுக்கு. வாடிக்கையாளருக்குப் பில் கிலோவுக்கு. வெல்டிங் லேபர் காண்ட்ராக்டருக்குக் கூலி, கிலோவுக்கு இத்தனை ரூபாய். சைட்டில் தூக்கி நிறுத்தும் ஆட்களுக்கும் அப்படித்தான். அதனால் டிராயிங் போடும் சாஃப்ட்வேரே ஒவ்வொரு பீஸுக்கும் எடை போட்டுக் கொடுத்துவிடும். அந்தக் கம்ப்யூட்டருக்கும் கொக்கி மாட்டுகிற ஆளுக்கும் நடுவில் மிஞ்சிப் போனால் முப்பது அடி தூரம். அந்த முப்பது அடியை அந்த எண் கடந்து வருவதில்லை.

சரி, ஒன்றரைக்கும் ஒண்ணே முக்காலே சொச்சத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இங்கேதான் கொஞ்சம் கணக்கு.

வீட்டில் துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தொய்வாகக் கட்டினால் பத்து ஈர வேட்டி போட்டாலும் தாங்கும். அதையே வீணைத் தந்தி மாதிரி விறைப்பாகக் கட்டினால் ஒரே ஒரு போர்வைக்கு ஆணி சுவரோடு பெயர்ந்து வரும். எடை அதேதான். கோணம்தான் மாறியிருக்கு. கொக்கியில் இருந்து ரெண்டு பெல்ட் கீழே இறங்கி ஒரு பொருளைத் தூக்கும்போது நடப்பதும் இதுதான். 1 டன் சரக்கு, ரெண்டு பெல்ட்டும் நேர் செங்குத்தாக இருந்தால் ஆளுக்கு அரை டன். பெல்ட் தரையோடு 60 டிகிரி சாய்ந்திருந்தால் ஒவ்வொன்றிலும் 577 கிலோ. 45 டிகிரி என்றால் 707. 30 டிகிரிக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு பெல்ட்டிலும் முழுசாக 1 டன்! ரெண்டு பெல்ட் போட்டதால் பாதி பாதி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், ஆனால் ஒவ்வொரு பெல்ட்டும் முழு எடையையும் சுமந்துகொண்டிருக்கும்.

இப்போது அந்த ராஃப்டருக்கு வாருங்கள். நீளமான பீஸ், பெல்ட் குட்டை, அதனால் அகலமாக விரிந்துதான் நிற்கும். 30 டிகிரி என்று வையுங்கள். மேஸ்திரி கணக்குப்படி ஒவ்வொரு பெல்ட்டிலும் 1500 கிலோ. பச்சை பெல்ட், 2 டன் தாங்கும். (பெல்ட்டில் நிறத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன்.) மேஸ்திரி மனதில் அரை டன் மிச்சம். நிஜத்தில் மிச்சம் 88 கிலோ. ஒரு ஆள் எடை. ஆபரேட்டர் ஒரு முறை வெடுக்கென்று இழுத்தால் அதுவும் போச்சு.

அப்புறம் ஏன் தினமும் அறுந்து விழவில்லை? பெல்ட் தயாரிப்பவர்கள் நம் லட்சணம் தெரிந்தே 7 மடங்கு தாங்கும்படி நெய்கிறார்கள். 2 டன் பெல்ட் புதுசாக இருக்கும்போது 14 டன் இழுத்தால்தான் அறும். அந்த 7 மடங்கு நமக்காக வைத்தது இல்லை. வெயிலில் கிடந்து வெளுத்ததற்கு, ஓரத்தில் வெட்டுப்பட்டதற்கு, வெல்டிங் பொறி பட்டுப் பொசுங்கியதற்கு, முடிச்சுப் போட்டதற்கு என்று வைத்த சேமிப்பு. நாம் முதல் நாளில் இருந்தே அந்தச் சேமிப்பில் கைவைத்துச் செலவழிக்கிறோம். ஒவ்வொரு முறையும் தூக்கி முடித்துப் பத்திரமாக இறங்கியதும் "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல ஒன்றரை டன்" என்ற நம்பிக்கை இன்னும் கொஞ்சம் ஏறும். கணக்கு தப்பு என்று தெரிவது பெல்ட் அறுகிற அன்றைக்கு மட்டும்தான்.

மேஸ்திரியைக் கிண்டல் செய்யவில்லை. முப்பது வருஷ அனுபவத்தில் ஒரு பார்வையில் இவ்வளவு நெருங்கிச் சொல்கிறார், என்னால் முடியாது. ஆனால் எண் பக்கத்து ரூமில் இருக்கும்போது அவரை ஏன் ஊகிக்க விடணும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 29ஆம் பிரிவு முழுக்கத் தூக்கும் கருவிகளைப் பற்றித்தான். கிரேன், செயின், கயிறு எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ள ஒருவர் முழுசாகப் பரிசோதிக்கணும். எவ்வளவு தாங்கும் என்பதை அதன் மேலேயே தெளிவாக எழுதணும். அதைத் தாண்டி ஏற்றக் கூடாது. நல்ல பிரிவு. ஆனால் கவனித்தீர்களா? கொக்கி எவ்வளவு தாங்கும் என்று கொக்கியில் எழுதச் சொல்கிறது. சரக்கு எவ்வளவு கனம் என்று சரக்கில் எழுதச் சொல்லி அந்தப் பிரிவில் ஒரு வரி கிடையாது. தராசில் ஒரு தட்டில் மட்டும் படிக்கல் வைத்த மாதிரி. "5 டன்" என்று கொக்கியில் பொறித்திருக்கு, தொங்குவது 4 டன்னா 6 டன்னா என்று தெரியாவிட்டால் அந்த 5க்கு என்ன அர்த்தம்?

அந்தச் சட்டமும் மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தால்தான் பொருந்தும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பில் அந்த 10, 20 ஆகிவிட்டது. நம்ம ஊர்ப் பட்டறைகளில் எத்தனை 20ஐத் தொடும்? தொட்டாலும் பாதிப் பேர் காண்ட்ராக்டர் ஆட்கள், அவங்க யார் கணக்கு என்பதே பஞ்சாயத்து.

இதில் வேடிக்கை என்னவென்றால், சரக்கில் எடை எழுதும் யோசனை ஒன்றும் புதுசு இல்லை. 1929இலேயே ஜெனிவாவில் உலகத் தொழிலாளர் அமைப்பு இதற்கென்று தனியாக ஒரு உடன்படிக்கை போட்டுவிட்டது. 1 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள எந்தப் பொதியும் கப்பலில் ஏறும் முன்னால், அதன் மொத்த எடையை அழியாதபடி, வெளியில் தெரியும்படி எழுதணும். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள் செத்துக்கொண்டிருந்ததால் வந்த விதி. துல்லியமாகக் கணக்கிட முடியாத அபூர்வமான சமயத்தில் உத்தேச எடையையாவது எழுது என்றுகூட அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது "அது இருக்கும் ஒரு ஒன்றரை டன்" என்றாலும் பரவாயில்லை, அதையாவது எழுதி வை! வெள்ளைக்காரன் காலத்து இந்தியா 1931இலேயே கையெழுத்துப் போட்டது. சுதந்திரம் வந்த பிறகு 1951இல் கனமான பொதிகளில் எடை குறிப்பதற்கென்றே பார்லிமென்டில் தனிச் சட்டம் நிறைவேற்றினார்கள். கன்டெய்னர் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடையைக் கொடுக்காத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றவே கூடாது என்பது உலகம் முழுக்க விதி.

ஆக, நம்ம மாவட்டத்தில் இருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் நோட்டுப் புத்தகத்துக்கு எடை தெரிந்தாக வேண்டும். அந்த நோட்டை அச்சடிக்கும் ஷெட்டுக்காக அந்தரத்தில் தொங்கும் ராஃப்டருக்கு வேண்டாம்.

இன்னொன்று. பட்டாசு ஆலையில் வேலை தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு ஷெட்டில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பது லைசென்ஸிலேயே இருக்கும். 4 பேருக்கு மேல் ஒரு ரூமில் கூடாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மீறுகிறார்களா என்றால் மீறுகிறார்கள், மீறித்தான் செத்தார்கள். ஆனால் மீறினோம் என்று சொல்ல அங்கே ஒரு எண் இருக்கு. விசாரணைக்கு வருகிறவர் அந்த எண்ணை வைத்துத்தான் கேள்வி கேட்கிறார். மருந்தை நிறுத்துக் கலக்குகிற ஊரில் இரும்பை மட்டும் கண்ணளவில் தூக்குகிறோம்.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். பீஸ் தயாரானதும் எப்படியும் அதன் மேல் பெயிண்டில் மார்க் எழுதுகிறார்கள், சி-12, ஆர்-7 என்று. சைட்டில் எது எங்கே போகணும் என்று தெரிவதற்கு. அதற்குப் பக்கத்திலேயே எடையை எழுதுங்கள். ஆர்-7, 1912. இன்னும் கொஞ்சம் மனசு வந்தால் நடுக்கனம் எங்கே இருக்கு என்று ஒரு கோடு. ஒரு பக்கம் தகடு கூடுதலாக வெல்டு செய்த பீஸ் தூக்கியதும் ஒரு பக்கமாகக் குடை சாயும், அந்தக் கோடு இருந்தால் பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தேட வேண்டாம். செலவு, பீஸுக்கு அரை நிமிஷம்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கு. இப்போது எந்தப் பட்டறைக்குப் போனாலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தம்பிகள்தான் பாதி. தமிழில் எச்சரிக்கைப் பலகை மாட்டினால் அவர்களுக்குப் புரியாது, இந்தியில் எழுதினால் நம்ம மேஸ்திரிக்குப் புரியாது (எழுதினால் வேற பிரச்சனையும் வரும், ஹி ஹி). 1912 என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

இவ்வளவு சுலபம் என்றால் ஏன் யாரும் செய்வதில்லை? சோம்பல், பழக்கம் எல்லாம் ஒரு பக்கம். எனக்கு வேற ஒரு சந்தேகம் உண்டு. நண்பனிடம் கேட்டபோது அவன் சிரித்துக்கொண்டே, "எழுதிட்டா காண்ட்ராக்டர் கூட்டிப் பாத்துருவான்ல" என்றான். விளையாட்டாகச் சொன்னானா, நிஜமாகவா என்று நான் கிளறவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கிலோவுக்குக் கூலி வாங்குகிறவனுக்கு ஒவ்வொரு பீஸிலும் கிலோ எழுதியிருந்தால், மாசக் கடைசியில் அவனே கூட்டிவிடுவான். வெட்டி எடுத்த ஓட்டைக்குக் கழித்தது, ஸ்கிராப்புக்குக் கழித்தது, எல்லாம் வெளியே வரும். எடை என்பது பாதுகாப்புச் சமாச்சாரமாக இருப்பதற்கு முன்னால் காசுச் சமாச்சாரம். அதனால்தான் அது ஆபீஸ் ரூமைத் தாண்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம். தப்பாக இருந்தால் தொழிலில் இருக்கும் அண்ணாச்சிகள் திட்டலாம், வாங்கிக்கொள்கிறேன்.

எடை எழுதிவிட்டால் எல்லா விபத்தும் நின்றுவிடுமா என்று கேட்பீர்கள். நிற்காது. 2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் சரிந்து 11 பேர் செத்தார்கள். அது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்கான சோதனை ஓட்டம். எடை தெரிந்து செய்த வேலைதான். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் போனார்கள், எல்லாம் பிழைக்க வந்த வெளிமாநிலத்து ஆட்கள். அதெல்லாம் வேற கணக்கு. நான் பேசுவது, ஒருத்தர் ரெண்டு பேராகத் தினமும் நடக்கும் சின்னக் கணக்கை. அந்தப் பெரிய விபத்துகளில் இருந்து நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது விழுகிற எல்லைக்குள் ஆள் நிற்கக் கூடாது. நீளமான பீஸின் நுனியில் ஒரு கயிறு கட்டி, தள்ளி நின்று திருப்பலாம். நாம் என்ன செய்கிறோம்? "ஏ, பிடிப்பா பிடிப்பா" என்று இடுப்பு உயரத்தில் ஆடும் ஒண்ணே முக்கால் டன்னைக் கையால் தள்ளுகிறோம்.

கிரேன் என்றாலே நமக்கு விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது என்பதும் ஒரு காரணமோ என்னமோ. தலைவருக்கு மாலை போட ஹைட்ரா, பறவைக் காவடிக்கு ஹைட்ரா. 2023 ஜனவரி 22 அன்று அரக்கோணம் பக்கம் கீழ்வீதி கோயில் திருவிழாவில் கிரேன் கவிழ்ந்து 4 பேர் இறந்தது ஞாபகம் இருக்கலாம். '12 டன் ஹைட்ரா' என்றால் எப்படி வைத்தாலும் 12 டன் தூக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கையை முழுசாக உள்ளே இழுத்து, சரக்கை டயருக்கு ஒட்டி வைத்துத் தூக்கினால்தான் அந்த 12. கையை நீட்ட நீட்ட ரெண்டு, மூணு டன் என்று இறங்கிவிடும். கேபினில் ஒரு அட்டவணை ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்ப்பதற்கும் சரக்கு எடை தெரிஞ்சாகணும், மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறோம்.

லாரியில் ஏற்றிக் கட்டுவதும் அப்படியே. நான்குவழிச் சாலையில் சாத்தூர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது மாடு குறுக்கே வந்து டிரைவர் பிரேக்கை அழுத்தினால், சரக்கு தன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். ஐரோப்பாவில் கட்டும்போது முன்பக்கத்துக்கு 0.8 பங்கு என்று கணக்கு வைக்கிறார்கள். 4 டன் ஏற்றினால் 3.2 டன்னைத் தடுக்கணும். இரும்பு மேல் இரும்பு வழுக்கும், எண்ணெய்ப் பூச்சு இருந்தால் கேட்கவே வேண்டாம். ரப்பர் பாயோ, பழைய டயர்த் துண்டோ அடியில் போட்டால் பாதிக் கஷ்டம் தீரும். நாம் நைலான் கயிறு ரெண்டு சுற்றுச் சுற்றி, நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் சிவப்புத் துணி கட்டி அனுப்புகிறோம். வண்டிக்கு வெளியே 1 மீட்டர் வரைக்கும் நீட்டலாம் என்று இருந்த சலுகையை 2014இலேயே எடுத்துவிட்டார்கள். சிவப்புத் துணிக்கு அது யாரும் சொல்லவில்லை போல.

நண்பன் அடுத்த லோடுக்கு எடை எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். பார்ப்போம்.

பி.கு.: சாஃப்ட்வேர் இல்லாத பட்டறைக்காரர்களுக்கு. தகடு என்றால், நீளம் மீட்டரில், அகலம் மீட்டரில், கனம் மில்லிமீட்டரில் வைத்து மூன்றையும் பெருக்கி 7.85 ஆல் பெருக்கினால் கிலோ. 6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தகடு 706 கிலோ சொச்சம். உருட்டுக் கம்பி என்றால் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். சாக்பீஸும் செல்போனும் போதும்.